அலை 2.5 மீட்டர் என்றால் என்ன? கடல் முன்னறிவிப்பு உருவாவதும் தவறுவதும்

“நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான கடல் பகுதியில் 2.3 முதல் 2.6 மீட்டர் உயரத்துக்கு அலைகள் எழும்பக்கூடும்.” கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களுக்கு இதுபோன்ற அறிவிப்பு ஆண்டில் பலமுறை வரும். ஆலய ஒலிபெருக்கியில் படிப்பார்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும், மறுநாள் செய்தித்தாளில் ஒரு பத்தி இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் செயற்கைக்கோள்கள், மிதவைகள், மீத்திறன் கணினிகள் என்று பெரிய ஏற்பாடே இருக்கிறது. ஆனால் 2.5 மீட்டர் என்பது எதன் அளவு, எந்த இடத்தின் அளவு என்பதைக் கேட்பவர்களுக்கு யாரும் விளக்குவதில்லை. அறிவிப்பு சரியாக இருந்தும் உயிர்கள் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் அந்த எண்ணிலிருந்தே தொடங்குவோம்.

அந்த எண் எதைச் சொல்கிறது

கடலில் எல்லா அலையும் ஒரே உயரத்தில் வருவதில்லை. குறிப்பிட்ட நேரத்தில் வரும் அலைகளை உயர வரிசையில் அடுக்கி, மேலே இருக்கும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி கண்டால் கிடைப்பதுதான் அறிவிப்பில் சொல்லப்படும் உயரம். அலையின் பள்ளத்திலிருந்து முகடு வரை அளந்த உயரம் அது. அனுபவமுள்ளவர் படகில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரமும் ஏறத்தாழ இதுவாகவே இருக்கும்.

ஆக, 2.5 மீட்டர் என்பது சராசரி. உச்ச அளவு அதைவிடப் பெரியது. எட்டு விநாடிக்கு ஓர் அலை வருகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 450 அலைகள். ஆறு மணி நேரம் கடலில் இருக்கும் படகை 2,700 அலைகள் கடந்து போகும். அத்தனை அலைகளில் மிகப் பெரியது அறிவித்த உயரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 5 மீட்டரை ஒட்டி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். “ரெண்டரை மீட்டர்தானே, போன வாரமும் இதே அளவில் போய் வந்தோம்” என்பவர் அந்த ஓர் அலையைப் போன வாரம் சந்திக்காமல் தப்பியிருக்கிறார்.

இரண்டாவது எண் அலைக்காலம். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் விநாடிகள் அது. ஒலிபெருக்கியில் படிக்கும்போது இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். உயரத்துக்குச் சமமான முக்கியத்துவம் இதற்கு உண்டு என்பதே எங்கள் கருத்து.

ஆழ்கடலில் ஓர் அலையின் நீளம் அதன் காலத்தைக் கொண்டு முடிவாகிறது. 6 விநாடி அலை சுமார் 56 மீட்டர் நீளம். 16 விநாடி அலை 400 மீட்டர் நீளம். இரண்டும் 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, பக்கத்தில் அடிக்கும் காற்று எழுப்பிய காற்றலை. உயரத்துக்கு நீளம் குறைவு என்பதால் செங்குத்தாக நிற்கும், நுரைத்து உடையும், ஃபைபர் படகின் உள்ளே தண்ணீரைக் கொட்டும், பக்கவாட்டில் பிடித்தால் கவிழ்க்கும். இரண்டாவது, எங்கோ தொலைவில் பிறந்து வந்த தூர அலை. நடுக்கடலில் படகு அதன் மேல் மெல்ல ஏறி இறங்கிவிடும், பல நேரம் தெரியவே தெரியாது. ஆனால் கரையில் கதை மாறுகிறது. தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே அலை கடலடியை உணரத் தொடங்கும். 16 விநாடி அலைக்கு அது 200 மீட்டர் ஆழம். அங்கிருந்தே வேகம் குறைந்து, பின்னால் வரும் நீர் நெருங்கி, உயரம் கூடிக்கொண்டே வரும். ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில் 16 விநாடி அலை கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் 6 விநாடி அலையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல்.

குறுகிய காலம் நடுக்கடலில் சிறு படகுக்கு ஆபத்து. நீண்ட காலம் கரையில் நிற்பவருக்கும், கரை ஏறும் படகுக்கும், துறைமுக வாய்க்கும் ஆபத்து. உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுத்தால் இந்த இரண்டில் எது நம்மை நோக்கி வருகிறது என்று தெரியாது.

அறிவிப்பு எப்படித் தயாராகிறது

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம். இன்காய்ஸ் என்றால் கடலோரத்தில் பலருக்கும் தெரியும். காற்றும் புயலும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு; அலை, நீரோட்டம், கடல் வெப்பநிலை, சுனாமி, மீன் கூடும் இடம் ஆகியவை இன்காய்ஸின் பொறுப்பு.

முதல் வேலை, இப்போது கடல் எப்படி இருக்கிறது என்று அறிவது. இது கேட்பதற்குத்தான் எளிது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆழ்கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறது. காற்று, அழுத்தம், வெப்பநிலை, உப்புத்தன்மை, அலை எல்லாவற்றையும் அளந்து அவை செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். கடலூரிலும் கல்பாக்கத்திலும் கரையில் நிற்கும் ரேடார் சோடி, கடல் பரப்பில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையைக் கொண்டு நீரோட்டத்தைக் கணக்கிடுகிறது. உலகப் பெருங்கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் தானாகவே அலைகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் போல மிதந்து, 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து வெப்பநிலையையும் உப்பையும் அளந்தபடி மேலே வந்து, தகவலை அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். பத்து நாளுக்கு ஒரு சுற்று.

செயற்கைக்கோள்களில் உயரமானி என்ற கருவி கடல்மட்டத்தையும் அலை உயரத்தையும் அளக்கிறது. 2013இல் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய சரள் அப்படி ஒன்று. 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓசன்சாட்-3, கடல்மேல் காற்றையும் நீரின் நிறத்தையும் பார்க்கிறது. ஆனால் வழக்கமான உயரமானி தன் பாதைக்கு நேர் கீழே ஒரு கோட்டை மட்டுமே அளக்கும். பத்து நாள் சுற்றுள்ள ஒரு செயற்கைக்கோளின் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இடையே நிலநடுக்கோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. 2022 டிசம்பரில் போன ஸ்வாட் செயற்கைக்கோள் 120 கிலோமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் அளப்பதால்தான் கடலியலாளர்கள் அதை அவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்தார்கள்.

அடுத்தது கணினி மாதிரி, அதாவது கடலின் போக்கைக் கணக்காகக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் முறை. கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அலை ஆற்றல் எவ்வளவு, எந்தத் திசையில், எந்தக் காலத்தில் போகிறது என்று எழுதிக்கொள்கிறார்கள். காற்று ஆற்றலைச் சேர்க்கிறது. நுரைத்து உடைவதும் கடலடியின் உராய்வும் கழிக்கின்றன. மீதி அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்று இந்த வரவு செலவை முன்னோக்கிப் போட்டுக்கொண்டே போனால் நாளையும் மறுநாளும் கிடைக்கும். கட்டத்தின் அளவு வலையின் கண் மாதிரி. அதைவிடச் சிறியது அதில் சிக்காது. 25 கிலோமீட்டர் கட்டத்தில் பாம்பன் தீவு உருத்தெரியாமல் போய்விடும். கட்டத்தைப் பாதியாக்கினால் நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, கணக்கிடும் நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் இன்னொரு இரண்டு என்று கணினி வேலை எட்டு மடங்காகும். அதனால்தான் பெருங்கடலுக்குப் பெரிய கட்டம், கரையோரத்துக்குச் சிறிய கட்டம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கிறார்கள்.

மூன்றாவது, அளவீட்டையும் கணக்கையும் சேர்த்துத் திருத்துவது. ஓரிடத்தில் இன்று காலை 2.1 மீட்டர் அலை இருக்கும் என்று நேற்றைய கணக்கு சொல்லியிருக்கிறது, மிதவை 1.7 என்கிறது. மிதவையை அப்படியே நம்பிவிடவும் முடியாது, அதிலும் பிழை உண்டு. இரண்டின் பிழையளவையும் எடைபோட்டு நடுவில் ஒரு மதிப்பை எடுத்து, சுற்றியுள்ள கட்டங்களையும் அதற்கேற்பத் திருத்தி, அங்கிருந்து புதிய கணக்கைத் தொடங்குவார்கள். இந்தத் திருத்தம் எவ்வளவு நாள் பயன் தரும் என்பது பொருளைப் பொறுத்தது. காற்றலையைத் திருத்தினால் ஒரு நாளில் அந்தப் பயன் கரைந்துவிடும், ஏனென்றால் புதிய காற்று புதிய அலையை எழுப்பிவிடுகிறது. தூர அலையில் திருத்தம் சில நாள் நிற்கும். கடலுக்குள் இருக்கும் வெப்பத்திலும் நீரோட்டத்திலும் வாரக்கணக்கில் நிற்கும்.

அலைக்கணக்கில் வரும் பெரும்பிழை பெரும்பாலும் காற்றுக்கணக்கிலிருந்து வருவது. போதுமான நேரமும் தூரமும் வீசிய காற்றில் அலை உயரம் காற்று வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளரும். காற்றை 10 விழுக்காடு குறைத்துக் கணித்தால் அலை 20 விழுக்காடு போலக் குறைந்துவிடும். அலை மாதிரியை எவ்வளவு மெருகேற்றினாலும், அதற்குக் கொடுக்கும் காற்று தவறாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போது செயற்கை நுண்ணறிவு மாதிரிகளும் இந்த வேலைக்கு வந்துவிட்டன. வேகம் அபாரம். ஆனால் அவை பழைய தரவிலிருந்து கற்கின்றன, மிகக் கடுமையான புயல்களோ அந்தத் தரவில் அரிதாகவே இருக்கின்றன. நமக்கு மிகவும் தேவைப்படும் நாளில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது.

வெயில் அடிக்கும்போது வரும் ஆபத்து

கள்ளக்கடல் என்று தென்கோடியில் சொல்லப்படும் தூர அலைச் சீற்றம், முன்னறிவிப்பால் முழுப் பயன் கிடைக்கக்கூடிய ஆபத்து. அது பிறப்பது தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயல் மண்டலத்தில். 18 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும், நாளொன்றுக்கு 1,200 கிலோமீட்டர். 6,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கன்னியாகுமரிக்கு வர ஐந்து நாள் ஆகும். அங்கே புயல் வீசியதைச் செயற்கைக்கோள் பார்த்துவிட்டால், இங்கே எந்த நாள் எந்த வேளையில் வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். இதற்கென்றே இன்காய்ஸ் 2020இல் தனிச் சேவையைத் தொடங்கியது.

சிக்கல் வேறு இடத்தில். கள்ளக்கடல் வரும் நாளில் உள்ளூரில் காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். நீண்ட நேரம் கடல் அமைதியாகத் தெரியும், பிறகு பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கணக்கு தவறவில்லை. வெளியூரிலிருந்து வந்து மணலில் நிற்பவருக்கு அந்தக் கணக்கு போய்ச் சேரும் வழி இல்லை. எச்சரிக்கை நாளில் கடற்கரைப் பாதையையே மூடுவதும், அங்கே ஒரு காவலரையோ ஊர்க்காரரையோ நிறுத்துவதும்தான் இதற்குத் தீர்வு. செயலியில் வரும் செய்தியால் இது ஆகாது.

புயலும் கடல் ஏற்றமும்

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலை குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. டிசம்பர் 1இல் அரபிக்கடலில் மிகத் தீவிரப் புயல். ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர் பகுதிப் படகுகள் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. கைப்பேசி கோபுரத்தின் எட்டுகை கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர். படகுகளில் உள்ள விஎச்எஃப் வாக்கிடாக்கி கரையோடு பேசக்கூடிய தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நூற்றுக்கணக்கான கடல் மைல் தொலைவில் இருந்தவர்களுக்கு எந்த அறிவிப்பும் போகவில்லை.

இதில் இரண்டு தனித்தனிக் குறைகள் கலந்திருக்கின்றன. ஒன்று அறிவியல் சார்ந்தது. புயல் ஒரே நாளில் வேகமாக வலுப்பெறுவதை முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினம். புயலுக்கு எரிபொருள் கடலின் வெப்பம், ஆனால் மேற்பரப்பு வெப்பநிலை மட்டும் போதாது, வெப்பநீர் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டும். வழக்கமாகப் புயற்காற்று கடலைக் கலக்கி அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும், அது புயலைச் சற்று அடக்கும். வங்கக் கடலின் வடபகுதியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் கனம் குறைந்த மேலடுக்காகப் பரவிக் கிடப்பதால் இந்தக் கலக்கம் தடைபடுகிறது. ஆர்கோ மிதவை உப்பையும் அளப்பது இதை அறியவும் உதவுகிறது. இரண்டாவது குறை தொடர்பு சார்ந்தது, அதைத் தீர்ப்பதற்கு அறிவியல் முன்னேறக் காத்திருக்க வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெற்றுப் புளூடூத் மூலம் கைப்பேசிக்குக் காட்டும், ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. பிறகு இருவழியாகச் செய்தி போய்வரும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. எந்தக் கருவியானாலும் பேட்டரி, வயரிங், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இணைப்புகள் ஆகிய மூன்றில்தான் முதலில் பழுதாகும். துறைமுகத்திலேயே பழுது பார்ப்பவர் இல்லாவிட்டால் கருவி கூரையில் ஏறிய அலங்காரமாகிவிடும்.

புயல் கரை கடக்கும்போது கடல் ஏறி வருவதை முன்னறிவிப்பதில் புயலின் பாதைதான் எல்லாம். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் 1 சென்டிமீட்டர் உயரும். அழுத்தம் 50 மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். மீதி ஏற்றம் முழுக்கக் காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளுவதால் வருவது. ஆழமற்ற கடலில் அப்படித் தள்ளிய தண்ணீர் அடிவழியாகத் திரும்பிப் போக இடமில்லை. பாக் நீரிணை போன்ற இடங்கள் அதனால்தான் ஆபத்தானவை. கிழக்கிலிருந்து வந்து தமிழகத்தைக் கடக்கும் புயலில், மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், தெற்கே கரையிலிருந்து கடலுக்கு வீசும். கரை கடக்கும் இடம் 50 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்தால், கடல் உள்வாங்கும் என்று கணித்த ஊரில் கடல் ஏறிவிடும். அதனால் ஒரே பாதையை வைத்துக் கணக்கிடாமல், சற்றே மாறுபட்ட பல பாதைகளையும் வேகங்களையும் வைத்து மீண்டும் மீண்டும் கணக்கிடுகிறார்கள். இருபது கணக்கில் ஐந்து ஓர் ஊரில் 2 மீட்டர் ஏற்றம் காட்டினால், அந்த ஊரைக் காலி செய்ய அதுவே போதுமான காரணம்.

சுனாமியில் கணிப்பது எதை

நிலநடுக்கத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நடந்தபின் அலை எங்கே, எப்போது, எவ்வளவு என்று கணிப்பதே சுனாமி முன்னறிவிப்பு. ஆழம் தெரிந்தால் வேகம் தெரியும். 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் போகும், 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர். 2004 டிசம்பர் 26 காலை 6.28க்குச் சுமத்ரா அருகே நிலம் குலுங்கியது. தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்த அன்று எந்த ஏற்பாடும் இல்லை. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு ஊரார் மட்டும், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பைக் கேட்டு ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்துத் தப்பினார்கள்.

2007 அக்டோபர் 15 முதல் இன்காய்ஸில் சுனாமி மையம் இயங்குகிறது. நிலநடுக்கமானிகள் இடத்தையும் அளவையும் சொன்ன சில நிமிடங்களில், முன்பே கணக்கிட்டு வைத்துள்ள ஆயிரக்கணக்கான சாத்தியங்களிலிருந்து பொருத்தமானதை எடுத்து முதல் அறிக்கை போகும். பிறகு கடலடி அழுத்தமானிகளைப் பார்ப்பார்கள். பல கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு மேலே சென்டிமீட்டர் அளவு மாற்றத்தையும் உணரும் கருவிகள் அவை. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது, ஆனால் நிலம் பக்கவாட்டில் நழுவியதால் தண்ணீர் அதிகம் தூக்கப்படவில்லை. அலை சிறியது என்று கடலில் அளந்த பிறகே உறுதியாகச் சொல்ல முடிந்தது. நிக்கோபாருக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது. அங்கே அலை அரை மணிக்குள் வந்துவிடும், ஆகவே நிலம் நீண்ட நேரம் குலுங்கினாலே அதை எச்சரிக்கையாகக் கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும்.

மீன் இருக்கும் இடம்

வெப்பநீரும் குளிர்நீரும் சந்திக்கும் எல்லையில் சத்துகள் சேரும், நுண்பாசி பெருகும், அதைத் தின்னும் உயிர்கள் வரும், பின்னால் மீன் வரும். கடலில் நுரையும் தூசும் ஒரே கோடாக நிற்பதையும், கோட்டின் இருபுறமும் நீரின் நிறம் மாறுவதையும் பார்த்து மீனவர்கள் வலைவிடுவது இதே அறிவுதான். செயற்கைக்கோள் அந்த எல்லையை வெப்பநிலையாலும் பச்சையத்தின் நிறத்தாலும் கண்டுபிடிக்கிறது. ஒவ்வோர் இறங்குதளத்திலிருந்தும் எந்தத் திசை, எத்தனை பாகை, எத்தனை கிலோமீட்டர், கடலாழம் எவ்வளவு, அட்சரேகை, தீர்க்கரேகை என்று பட்டியலாகத் தமிழிலும் தருகிறார்கள்.

இது எங்கே தவறுகிறது? மேகம் இருந்தால் இந்தக் கருவிகளால் கடலைப் பார்க்க முடியாது; மழைக்காலத்தில் பல நாள் பட்டியலே வராது. எல்லை நீரோட்டத்தோடு நகரும், மூன்று நாள் பழைய பட்டியலை நம்பிப் போனால் டீசல்தான் செலவு. அடியில் வாழும் மீனுக்கு இந்தப் பட்டியல் அதிகம் உதவாது, மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மத்தி, சூரை போன்றவற்றுக்கே உதவும். கருவியில் எண்களை ஏற்றும்போது நேரும் தவறும் அடிக்கடி நடப்பது. பட்டியலில் 8 பாகை 30 கலை (60 கலை ஒரு பாகை) என்று இருப்பதை ஜிபிஎஸ்ஸில் 8.30 என்று தட்டினால், கருவி தசம முறையில் இருக்கும்போது அது 8 பாகை 18 கலை ஆகிவிடும். 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். பாதிப் பாகையைத் தசமத்தில் 8.50 என்றுதான் தட்ட வேண்டும்.

முக்கியமான இன்னொன்று: மீன் பட்டியல் கடல் நிலையைப் பார்ப்பதில்லை. மீன் கூடும் இடத்தில் அன்றைக்கு 3 மீட்டர் அலை இருக்கலாம். இரண்டு தாளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரே தாளில் சேர்த்துத் தருவதே நியாயம்.

கடைசிச் சில நூறு மீட்டர்

அறிவிப்பில் வரும் உயரம் திறந்த கடலுக்கானது. துறைமுக வாயில் நடப்பது வேறு. தன் உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஆழத்துக்கு வந்ததும் அலை உடையும். ஆழத்தில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பங்கு உயரம்தான் அதற்கு எல்லை. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து 2 மீட்டர் ஆழமே இருந்தால், 1.6 மீட்டர் அலையே படகு வரும் வழியில் உடைந்துவிடும். வற்றுநீர் ஆற்றிலிருந்து வெளியே பாயும் நேரமானால், எதிர்நீரில் அலை இன்னும் செங்குத்தாகும். தேங்காப்பட்டணம் துறைமுக வாயில் இப்படித்தான் படகுகள் கவிழ்ந்திருக்கின்றன. மணல் திட்டு ஒவ்வொரு பருவத்திலும் இடம் மாறுவதால், பழைய ஆழ வரைபடத்தை வைத்துக் கணினி போடும் கணக்கு அங்கே பயன்படாது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முகத்துவாரத்தையும் எதிரொலிமானியால் அளந்து மாதிரிக்குக் கொடுப்பது, புதிய கணினி வாங்குவதைவிட மலிவு, அதைவிடப் பலன் அதிகம்.

அதேபோல மலிவான இன்னொரு வேலை மிதவைகளைக் காப்பது. மிதவையின் நிழலில் மீன் கூடும் என்பதால் படகுகள் அதில் கட்டப்படுகின்றன, உணரிகள் உடைகின்றன, கம்பி அறுகிறது. ஒரு மிதவை ஊமையானால் அந்தப் பகுதியின் கணக்கைத் திருத்த ஆதாரம் இல்லாமல் போகிறது. அதன் விலையைச் செலுத்துவது அடுத்த புயலில் அதே கடலில் இருப்பவர்கள்தான். இதை மீனவர் சங்கங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும், கூடவே அந்த மிதவை தரும் எண்ணை அவர்களுக்கே தினமும் காட்டவும் வேண்டும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

அறிவிப்பு வெளியான தேதியும் நேரமும் முதலில். நேற்றைய செய்தி இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும். பிறகு உயரத்தோடு அலைக்காலத்தையும் பாருங்கள். போகும் நேரத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, திரும்பும் நேரத்துக்கும் பார்க்க வேண்டும். “மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்” என்றால், 65இல் காற்று படகின்மேல் தரும் அழுத்தம் 45இல் தருவதைப்போல் இரு மடங்கு, கணக்கில் எடுக்க வேண்டியது 65. காற்றின் திசை அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும், நீரோட்டத்தின் திசை அது எங்கே போகிறது என்பதைச் சொல்லும். ‘தெற்குக் காற்று, தெற்கு நீரோட்டம்’ என்றால் இரண்டும் எதிரெதிர், அலை முறுக்கிக்கொண்டு நிற்கும்.

சிறு படகுகளுக்கு இன்காய்ஸ் 2020 முதல் தனிச் சேவை ஒன்றைத் தருகிறது. அலையின் செங்குத்து, பல திசை அலைகள் மோதுவது, காற்றலை திடீரென வளர்வது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, கவிழும் ஆபத்துள்ள பகுதியைப் பத்து நாள் வரை முன்கூட்டி வரைபடத்தில் காட்டும். உயரத்தை மட்டும் சொல்லும் அறிவிப்பைவிட ஃபைபர் படகுக்கு இது பொருத்தமானது.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டின் எண்ணுக்கும் பொருள் உண்டு. 1, 2 என்றால் புயல் தொலைவில். 3, 4 என்றால் துறைமுகத்திலேயே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பேராபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

எஞ்சின் நின்றுவிட்டால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். காணாமற்போன படகு எங்கே மிதந்து போயிருக்கும் என்று நீரோட்டத்தையும் காற்றையும் வைத்துக் கணக்கிடும் கருவி 2016 முதல் இருக்கிறது. அதற்குத் தேவை, கடைசியாகத் தெரிந்த இடமும் நேரமும், படகின் வகையும். விநாடிக்கு 1 மீட்டர் நீரோட்டத்தில் ஒரு மணி நேரத்தில் படகு 3.6 கிலோமீட்டர் நகரும். சொல்லத் தாமதிக்கும் நேரம் இரட்டித்தால் தேட வேண்டிய பரப்பு நான்கு மடங்காகும். கிளம்பும் முன் வீட்டிலோ சங்கத்திலோ போகும் திசையையும் தூரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கு ஒரு நிமிடம் போதும்.

திரும்பி வந்தபின் செய்ய ஒன்று உண்டு. அறிவிப்பு சொன்ன அலை, நேரில் பார்த்த அலை, இடம், நேரம் என்று நான்கு எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு பருவம் எழுதினால் உங்கள் துறைக்கு அறிவிப்பு எப்போதும் அரை மீட்டர் குறைவாகச் சொல்கிறதா, அல்லது ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். முதல் வகைப் பிழையை ஹைதராபாத்தில் எளிதாகத் திருத்திவிடலாம். இரண்டாவது வகையானால் அங்கே ஓர் அலைமானி மிதவை தேவை என்று கேட்பதற்கு அந்த நோட்டே ஆதாரம். அதன் நகலை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.